‘இன்னும் ரெண்டே வருஷம்’ என்னும் கணக்கு

சிங்கப்பூரிலோ துபாயிலோ பத்துப் பன்னிரண்டு வருடமாக வேலை பார்ப்பவரிடம், எப்போது ஊருக்கு வந்து சேரப்போகிறீர்கள் என்று கேட்டால், அறந்தாங்கியானாலும் கீழக்கரையானாலும் கடையநல்லூரானாலும் பதில் ஒன்றுதான்: “இன்னும் ரெண்டே வருஷம். கொஞ்சம் கையில சேந்ததும் முடிச்சுட்டு வந்துடுவேன்.” கேட்டவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். போதுமான பணம் சேர்ந்தால் திரும்புவது, சேராவிட்டால் இருப்பது. இதைவிடப் பொறுப்பான முடிவு வேறென்ன இருக்கிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள்.

இந்தக் கணக்கு தப்பு. இருபத்தெட்டு வயதில் போனவரை ஐம்பத்தைந்து வயதில், சர்க்கரையும் முழங்கால் வலியுமாகத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இந்தப் பொறுப்பான கணக்குதான்.

இது நாலைந்து குடும்பங்களின் பிரச்சினை இல்லை. 2015இல் எடுக்கப்பட்ட தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வின்படி, தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு சென்றவர்கள் சுமார் 22 லட்சம் பேர். சிங்கப்பூர் முதலிடம், ஐக்கிய அரபு அமீரகமும் சவூதியும் அடுத்தடுத்து. வளைகுடாவில் எத்தனை வருடம் உழைத்தாலும் குடியுரிமை கிடைக்காது. சிங்கப்பூரில் பெர்மிட்டில் இருக்கும் தொழிலாளி மனைவி மக்களை அழைத்துப்போய்க் கூட வைத்துக்கொள்ள முடியாது. ஆக, இவர்களில் மிகப் பலர் என்றைக்காவது ஒருநாள் திரும்பியே ஆக வேண்டியவர்கள். அந்த நாளைப் பணம் தீர்மானிக்கும் என்று விட்டுவிடுவதில்தான் கோளாறு.

முதல் கோளாறு, ‘போதுமான பணம்’ என்பது நின்ற இடத்தில் நிற்காது. போகும்போது இலக்கு ஏஜென்ட் கடனை அடைப்பது. அது தீர்ந்ததும் தங்கை கல்யாணம். பிறகு ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடு. மாடி எழும்பியதும் பையனுக்கு இன்ஜினியரிங் சீட்டு, பைபாஸ் ஓரமாக ஒரு மனை. ஒவ்வொன்றும் நியாயமான செலவுதான். ஆனால் வெளிநாட்டுப் பணம் புழங்கும் ஊரில் இவற்றின் விலையை ஏற்றுவதே அந்தப் பணம்தான். ஊரில் நூறு வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறதென்றால், மனை விலையும் மண்டப வாடகையும் சம்பந்தி வீட்டு எதிர்பார்ப்பும் அந்த நூறு வீட்டுக்கும் சேர்த்தே ஏறும். பக்கத்து வீட்டில் கிரானைட் போட்டுவிட்டால் இந்த வீட்டு மொசைக் மறுநாளே பழசாகிவிடுகிறது. ஐந்து வருடத்தில் எட்டிவிடலாம் என்று கிளம்பியவர் பதினைந்தாம் வருடத்திலும் அதே தூரத்தில் நிற்பதற்கு அவருடைய சோம்பலோ ஊதாரித்தனமோ காரணம் இல்லை.

இரண்டாவது, ‘ரேட்’ காட்டும் மாயம். அமீரக திர்ஹாமும் சவூதி ரியாலும் டாலரோடு கட்டப்பட்டவை. 2010 வாக்கில் ஒரு திர்ஹாமுக்கு 12 ரூபாய்ச் சொச்சம் கிடைத்தது. இன்று கிட்டத்தட்ட அதுபோல் இரண்டு மடங்கு. ரூபாய் சரிந்த செய்தி வந்தால் எக்ஸ்சேஞ்ச் கடைகளில் வரிசை நீள்கிறது. ஊருக்கு வரும் தொகை கூடியதைப் பார்த்து வீட்டில் சம்பளமே கூடியதுபோல் ஒரு மகிழ்ச்சி. அங்கே ஆயிரத்து எண்ணூறு திர்ஹாமில் நின்ற சம்பளம் வருடக்கணக்கில் அசையாமல் இருக்கலாம். இங்கே சிமென்ட்டும் பருப்பும் பள்ளிக்கூடக் கட்டணமும் அசையாமல் இருந்ததில்லை. ரூபாயின் வீழ்ச்சியைத் தன் முன்னேற்றமாக எடுத்துக்கொள்பவருக்கு இன்னும் இரண்டு வருடம் இருப்பது லாபமாகத்தான் தெரியும்.

மூன்றாவது, ‘சர்வீஸ் பணம்’. வேலையை விட்டு வரும்போது கடைசியாகக் கிடைக்கும் அந்தத் தொகைக்காகவே இழுத்துப் பிடித்து உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அமீரகச் சட்டப்படி முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்குப் பிறகு ஆண்டுக்கு 30 நாள். அதுவும் அடிப்படைச் சம்பளத்தில் மட்டும். மொத்தம் 1,800 திர்ஹாம் வாங்குபவருக்கு அடிப்படை 1,000 என்று இருந்தால், 15 ஆண்டுக்கு 405 நாள் சம்பளம், அதாவது சுமார் 13,300 திர்ஹாம். திர்ஹாமுக்கு 23 ரூபாய் வைத்தால் மூன்று லட்சத்தைச் சற்றே தாண்டும். ‘இன்னும் ரெண்டே வருஷம்’ இதில் கூட்டுவது 60 நாள் சம்பளம். நாற்பத்தைந்தாயிரம் ரூபாய்ச் சொச்சம். மகள் பெரிய மனுஷியானதையும் அப்பாவின் கடைசி நாட்களையும் வீடியோ காலில் பார்த்ததற்கு இதுதான் ஈடு. சிங்கப்பூர் பெர்மிட்காரருக்கு இதுவும் இல்லை. அந்த நாட்டின் சேமநிதியான சிபிஎஃப் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான்.

பணம் சேர்ந்தபின் நான் முடிவெடுப்பேன் என்பதிலுள்ள அந்த ‘நான்’ வேறு சந்தேகத்துக்குரியது. 2011இல் சவூதி அரசு நிதாகத் திட்டத்தைக் கொண்டுவந்தது. உள்நாட்டவருக்கு வேலை கொடுக்காத நிறுவனங்களுக்கு நெருக்கடி முற்றி, 2013இல் ஆயிரக்கணக்கான இந்தியர்கள் மூட்டை கட்டினார்கள். 2017 ஜூலையில் அதே நாடு, உடன் இருக்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டச் சொன்னது. அது ஆண்டுக்கு நூறாக ஏறி 400 ஆனது. மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட வைத்திருந்தவருக்கு மாதம் 1,200 ரியால். 2020 மே மாதம், கொரோனா முடக்கத்தில் சிக்கியவர்களை அழைத்துவர அரசு விட்ட வந்தே பாரத் விமானங்களில் வந்து இறங்கியவர்களில் எத்தனையோ பேருக்கு வேலை போயிருந்தது. இலக்கை எட்டிவிட்டீர்களா என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. ஜெர்மனியிலும் இதே கதைதான், திசை மட்டும் வேறு. 1973இல் அந்த நாடு வெளியாள் சேர்ப்பை நிறுத்தியதும், ஒருமுறை ஊருக்குப் போனால் மறுபடி நுழைய முடியாது என்று பயந்த துருக்கித் தொழிலாளர்கள் பலர் போவதை விட்டுவிட்டுக் குடும்பத்தை அங்கே வரவழைத்துக்கொண்டார்கள். போனவரும் சரி, தங்கியவரும் சரி, சேமிப்புப் புத்தகத்தைப் பார்த்து முடிவெடுக்கவில்லை.

“எல்லாம் சரி, ஊர்ல வந்து என்ன பண்றது?” என்ற கேள்வி உடனே வரும். நியாயமான கேள்வி. மாதம் 800 வெள்ளி வாங்கும் சிங்கப்பூர்த் தொழிலாளி, சாப்பாடும் போனும் போக அனுப்பும் தொகையை ஊரில் சம்பாதிப்பது கடினம். கடன் கழுத்தை நெரிக்கும்போது திரும்பி வா என்பது உபதேசம். ஆனால் அந்த வித்தியாசம் பலர் நினைக்கும் அளவுக்கு இன்று இல்லை. இங்கே நல்ல கொத்தனாரின் நாள் கூலி ஆயிரம் ரூபாயைத் தொட்டுவிட்டது. பிளம்பருக்கும் ஏசி மெக்கானிக்குக்கும் சொல்லியனுப்பிக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கட்டட வேலைக்கு ஆள் பற்றாமல் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள். சாரம் கட்டுவதையும் கம்பி கட்டுவதையும் கடுமையான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டுப் பத்து வருடம் செய்தவருக்கு நாற்பது வயதில் இங்கே மதிப்பு உண்டு. ஐம்பத்தைந்தில் அதே கை அதே வேலைக்கு வளையாது. காத்திருக்கக் காத்திருக்க, கூடும் பணத்தைவிடக் குறையும் உடம்பே பெரிய இழப்பாகிறது.

கேரளம் இந்த விஷயத்தில் கொஞ்சம் முன்னால் நிற்கிறது. அங்கே 1998 முதல் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு நடக்கிறது; போனவர்களோடு திரும்பியவர்களையும் எண்ணுகிறார்கள். 2018இல் சுமார் 13 லட்சமாக இருந்த திரும்பியவர்கள், 2023இல் சுமார் 18 லட்சம். வெளிநாடு வாழ் கேரளத்தவருக்கான அரசு அமைப்பான நோர்கா வழியாக, இரண்டு வருடமாவது வெளியே இருந்துவிட்டு வந்தவருக்கு 30 லட்சம் வரையிலான தொழில் கடனும் அதில் 15 சதவீத மானியமும் உண்டு. திரும்புவதை ஒரு கட்டமாக ஏற்றுக்கொண்ட சமூகம் அதற்கு ஏற்பாடு செய்கிறது.

நம் ஊரில் திரும்புவது இன்னும் கௌரவக் குறைச்சல். லீவில் வந்தவருக்குக் கிடைக்கும் உபசாரம் வேறு, விசா கேன்சலில் வந்தவரைப் பார்க்கும் பார்வை வேறு. கோடாலித் தைலமும் சாக்லேட்டும் பங்கிட்டு முடிந்த மூன்றாம் வாரம், டீக்கடையில் விசாரணை தொடங்கிவிடும்: “என்ன மாப்ள, எப்பப் பயணம்?” இனிப் போகவில்லை என்றால், “அங்க ஏதாச்சும் பிரச்சினையா?” என்று அடுத்த கேள்வி. இந்தக் கேள்விக்குப் பயந்தே டிக்கெட் போட்டவர்கள் இருக்கிறார்கள். ‘காசு சேரவில்லை’ என்பது இவர்கள் வெளியே சொல்லும் காரணம் மட்டுமே.

தொகையை வைத்து முடிவெடுக்காமல் தேதியை வைத்து முடிவெடுப்பதுதான் புத்திசாலித்தனம். இன்ன வயதில், பிள்ளை இன்ன வகுப்புக்கு வரும்போது, இன்ன வேலைக்கு வருவது என்று முதலில் தீர்மானித்துவிட்டால், அதற்குள் முடிகிற செலவு எது, முடியாதது எது என்று வீட்டுக்கே தெரிந்துவிடும். மாடியில் இன்னொரு மாடி வேண்டுமா, அந்தப் பணத்தில் ஒரு பட்டறை போடலாமா என்ற பேச்சு அப்போதுதான் எழும். மாதாமாதம் பணம் வாங்கிக் குடும்பம் நடத்தும் மனைவிக்குத்தான் வீட்டின் உண்மையான செலவு தெரியும். அவரைக் கேட்காமல் போடும் எந்தத் தேதியும் நிற்காது.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு இது இப்போது இன்னும் அவசரம். முன்பு இந்தியா, பங்களாதேஷ் போன்ற நாடுகளின் பெர்மிட் தொழிலாளிகள், துறையையும் திறனையும் பொறுத்து 14 முதல் 26 ஆண்டுகள் வரைதான் அங்கே வேலை பார்க்க முடிந்தது. 2025 ஜூலை 1 முதல் அந்த வரம்பு எடுக்கப்பட்டுவிட்டது. வயது வரம்பும் 60இலிருந்து 63ஆக உயர்ந்தது. ஊரில் இதை எல்லோரும் நல்ல செய்தியாகத்தான் பேசினார்கள். வேண்டும் என்று இருப்பவருக்கு நல்ல செய்திதான். ஆனால் இன்று 35 வயதில் இருப்பவர் முன்னால் இன்னும் 28 ஆண்டு திறந்து கிடக்கிறது. அதை எந்த இடத்தில் வெட்டுவது என்று இனி மனிதவள அமைச்சு சொல்லப்போவதில்லை. அடுத்த லீவில் அவரும் வீட்டாரும் உட்கார்ந்து பேசித்தான் சொல்ல வேண்டும்.