செக் திரும்பியது, 32 மாடி நின்றது!
மோசடி வழக்கில் சிக்கியவர் கட்டிய கோபுரம் ஓட்டலான கதை

அமெரிக்காவில் மினியாபொலிஸ் என்று ஒரு நகரம். அதன் மத்தியில் ஒரு பழைய கோபுரம். 32 மாடி. 447 அடி உயரம். உச்சியில் நாலு பக்கமும் "ஃபோஷே" என்று 10 அடி உயர எழுத்தில் பெயர்.

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஜெயிலுக்குப் போனவர். அவரை நம்பிப் பணம் போட்டவர்கள் தலையில் துண்டு. ஆனாலும் பெயரை மட்டும் எவரும் இறக்கவில்லை. 2008-ல் அந்தக் கட்டிடம் 'டபிள்யூ' ஓட்டலாகத் திறக்கப்பட்டபோதுகூட, ஃபோஷே பெயரையும் சேர்த்துத்தான் வைத்தார்கள்.

யார் இந்த ஆசாமி?

வில்பர் ஃபோஷே. கரண்டு கம்பெனி, காஸ் கம்பெனி, தண்ணீர் கம்பெனி என்று ஊர் ஊராக வாங்கிப் போட்டவர். வாங்கப் பணம்? ஜனங்களிடம் பங்கு விற்ற பணம்தான். பங்கு வாங்கியவர்களுக்கு லாபப் பணம் தவறாமல் போனது. பிறகு கோர்ட்டில் அரசு தரப்பு சொன்ன குற்றச்சாட்டு இதுதான்: அந்த லாபம் தொழிலில் வந்தது இல்லை, புதிதாகப் பங்கு வாங்கியவன் கொடுத்த காசைப் பழைய ஆளுக்குப் பிரித்துக் கொடுத்தது!

நம் ஊர் ஏலச்சீட்டு, நிதி கம்பெனி சமாசாரம் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். லாபம் ஒழுங்காக வரும்வரை யாரும் கணக்குக் கேட்பதில்லை.

வாஷிங்டன் நகரில் உள்ள நினைவுத் தூணைப் பார்த்து மயங்கியவர் ஃபோஷே. அதே மாதிரி ஒரு கட்டிடம் கட்ட ஆசை. மேலே போகப்போக ஒடுங்கும் கோபுரம். உள்ளே இத்தாலிப் பளிங்கு, ஆப்பிரிக்க மகாகனி மரம். தனக்கென்று உச்சியில் 27, 28-வது மாடிகளில் வீடு.

செக் திரும்பியது

1929 ஆகஸ்டு கடைசியில் திறப்பு விழா. அமெரிக்காவின் பிரபல பாண்டு வாத்தியக்காரர் ஜான் பிலிப் சூசா, இதற்கென்றே ஒரு அணிவகுப்பு இசை அமைத்து, தன் கோஷ்டியோடு வந்து வாசித்தார். கூலியாக 20 ஆயிரம் டாலருக்கு ஃபோஷே செக் கொடுத்தார்.

பாங்கியில் போட்டார்கள். பணம் இல்லை என்று திரும்பிவிட்டது!

அக்டோபரில் நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்தது. புதுப் பங்கு வாங்க ஆள் இல்லை. புதுப் பணம் நின்றதும் பழைய லாபமும் நின்றது. நவம்பர் பிறந்ததும் கம்பெனி கோர்ட்டு நியமித்த அதிகாரி கைக்குப் போய்விட்டது. திறப்பு விழா முடிந்து 2 மாதம்தான். உச்சி மாடி வீட்டில் அவர் குடியேறவே இல்லை.

ஒரே ஒரு ஜூரர்

பொய்க் கணக்கைத் தபாலில் அனுப்பிப் பணம் கறந்தால் அங்கே அது மத்திய சர்க்கார் வழக்கு. தபால் மோசடி என்று பெயர். முதல் விசாரணையில் 12 ஜூரர்களில் 11 பேர் "குற்றவாளி" என்றார்கள். ஒரு பெண் மட்டும் "இல்லை" என்று பிடித்த பிடியில் நின்றார். வழக்கு முடிவில்லாமல் போனது.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தப் பெண் முன்பு ஃபோஷே கம்பெனியிலேயே வேலை பார்த்தவர். அதை மறைத்து ஜூரியில் உட்கார்ந்துவிட்டார். கோர்ட்டு அவமதிப்பு வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 1933-ல் அவருக்கு எதிராகவே தீர்ப்பானது.

இரண்டாவது விசாரணையில் ஃபோஷேக்கு 15 ஆண்டு தண்டனை. 1934-ல் லெவன்வொர்த் ஜெயிலுக்குப் போனார். 1937-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தண்டனையைக் குறைக்க, 3 வருஷத்தில் வெளியே வந்தார். 1947-ல் ஜனாதிபதி ட்ரூமன் முழு மன்னிப்பே கொடுத்துவிட்டார்! 1957-ல் ஃபோஷே காலமானார்.

சூசாவும் விடவில்லை. பாக்கி தீரும்வரை அந்த இசையை யாரும் வாசிக்கக்கூடாது என்று தடை போட்டார். 1932-ல் அவர் இறந்தும் தடை நின்றது. 1988-ல் மின்னசோட்டா மாநிலத்துப் பணக்காரர்கள் சிலர் கடனை அடைத்தபிறகே அது மறுபடி ஒலித்தது. வாத்தியக்காரர் பாக்கிக்கு 59 வருஷம் கழித்தாவது ஆள் கிடைத்தது. சிறுகச் சேர்த்துப் பங்கு வாங்கிய குமாஸ்தாவின் பாக்கிக்கு?

ஓட்டல் ஆனது ஏன்?

40 வருஷத்துக்குமேல் ஊரிலேயே உயரமான கட்டிடம் இதுதான். 1970-களின் தொடக்கத்தில் ஐ.டி.எஸ். கோபுரம் எழும்பி இதை முந்தியது. பெரிய ஆபீஸ்களுக்கு அகலமான தளம் வேண்டும். ஒடுங்கிப் போகும் இந்தக் கோபுரத்திலோ ஒவ்வொரு தளமும் சின்னது. நடுவில் லிப்டு போக மிஞ்சுவது கொஞ்சம். ஆபீசுக்கு இது குறை. ஓட்டலுக்கோ நிறை! எந்த அறைக்கும் ஜன்னல் பக்கத்திலேயே இருக்கும். வெளிக்காட்சிக்குத் தனி ரேட்டு போடலாம்.

இன்னொன்று, வரி. 1978-லேயே இது தேசிய வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் ஏறிவிட்டது. அப்படிப்பட்ட கட்டிடத்தை முறைப்படி புதுப்பித்து வியாபாரத்துக்கு விட்டால், செலவில் 20 சதவீதம் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பது அமெரிக்கச் சட்டம். இடிப்பதைவிடக் காப்பாற்றுவதில் காசு இருந்தால் முதலாளிகள் காப்பாற்றத்தான் செய்வார்கள்.

சுமார் 230 அறையோடு ஓட்டல் திறந்தது. 30-வது மாடியில் ஃபோஷே பற்றிய மியூசியமும், ஊரைச் சுற்றிப் பார்க்கும் மேடையும் வைத்தார்கள். ஏறிப் பார்க்க டிக்கெட். ஃபோஷே குடியேறாத 27-வது மாடியில் மதுக்கூடம். அதற்கு வைத்த பெயர் "மதுவிலக்கு"! 1929-ல் கோபுரம் திறந்தபோது அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு அமலில் இருந்தது.