மூளைமென்சவ்வழற்சி: கல்முனைக் கரையோரத்துக்கு எந்த விரைவுப் பரிசோதனை வேண்டும்?

பக்டீரியாவால் வரும் மூளைமென்சவ்வழற்சி ஒரே நாளில் ஆளைக் கொண்டுபோய்விடும். அதனால் சந்தேகம் வந்ததுமே அன்டிபயோட்டிக் ஏற்றியாக வேண்டும். ஏற்றிய இரண்டு மணித்தியாலத்துக்குள், முதுகில் ஊசி இறக்கி எடுக்கும் முண்ணாண் நீரில், இந்நோயைத் தரும் பக்டீரியாக்களில் ஒன்றான மெனிங்கோகொக்கஸ் செத்துவிடலாம். பிறகு வளர்ப்புத் தட்டில் ஒன்றும் முளைக்காது. கல்முனைக் கரையோரத்து வைத்தியர்களும் ஆய்வுகூடப் பணியாளர்களும் சேர்ந்த ஓர் அமைப்பு, விரைவுப் பரிசோதனை கேட்பது இதற்காகத்தான்.

விரைவு என்றதும் எல்லோர் கண்ணும் பெரிய மெஷினில் போய் நிற்கிறது. 200 மைக்ரோலீற்றர் நீரில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்துக்குள் 14 கிருமிகளைத் தேடும் பீசீஆர் தொகுதிக்கு 2015இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நல்ல சாமான்தான். ஆனால் அந்த 14இல் பக்டீரியா ஆறே ஆறு. பச்சிளம் குழந்தைகளைத் தாக்கும் கிளெப்சியெல்லா அதில் இல்லை. கிருமி எந்த மருந்துக்குக் கேட்கும் என்பதையும் அது சொல்லாது. ஆகவே ஆஸ்பத்திரிக்கு ஒன்றாக வாங்குவதை அமைப்பு ஆதரிக்கவில்லை. பிராந்தியத்துக்கு ஒரு பீசீஆர் நிலையம் போதும். வளர்ப்புச் சோதனை நிற்கக் கூடாது.

அதைவிட அவசரம், நடுச்சாமத்திலும் கிராம் சாயம் பார்க்க ஆய்வுகூடத்தில் ஆள் இருப்பது. தகட்டில் ஒரு துளி காய்ந்ததும் ஊதாச் சாயம், அயடின், மதுசாரக் கழுவல், சிவப்புச் சாயம். அரை மணித்தியாலத்துக்குள் நுணுக்குக்காட்டியில் ஊதாக் கோளங்கள் சோடி சோடியாகத் தெரிந்தால் நியூமோகொக்கஸைச் சந்தேகிக்கலாம். கோப்பிக்கொட்டை வடிவில், சிவப்பாக, வெள்ளணுக்களுக்குள் கிடந்தால் மெனிங்கோகொக்கஸை. கிருமி குறைவாயிருந்தால் இது தவறவிடும். எனவே நீரிலுள்ள குளுக்கோசும் லக்டேற்றும் கூடவே பார்க்கப்பட வேண்டும். எது எப்படியானாலும், வளர்ப்புக்கான நீரைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவே கூடாது. குளிரில் மெனிங்கோகொக்கஸ் மாண்டுவிடும்.

இந்நோய் எங்கோ நடக்கிற கதையல்ல. 2023இல் காலிச் சிறைச்சாலையில் மெனிங்கோகொக்கஸ் கைதிகளைக் கொன்றது. 2000ஆம் ஆண்டு ஹஜ்ஜோடு டபிள்யூ135 வகை பல நாடுகளுக்குப் பரவியது. 2024இலும் உம்ராவோடு தொடர்புபட்ட 12 நோயாளிகள் அமெரிக்கா, பிரான்ஸ், பிரித்தானியாவில் பதிவானார்கள். மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூரிலிருந்து உம்ராவுக்குப் போய்வருவோர் எத்தனை பேர்! மக்காவிலிருந்து திரும்பியவருக்குக் காய்ச்சலும் பிடரி விறைப்பும் என்றால், பயண விபரம் பரிசோதனைத் துண்டிலேயே எழுதப்பட வேண்டும்.

கருவி இருந்தும் நீர் கிடைக்காத இரவுகள் உண்டு. “முதுகுல ஊசி போட்டா புள்ளட கால் விளங்காமப் போயிரும்” என்று உம்மா கையொப்பமிட மறுப்பார். ஊசி இறங்குவது முண்ணாண் முடிந்த இடத்துக்குக் கீழே என்பதைப் படம் வரைந்து காட்டினால் பலர் சம்மதிக்கிறார்கள். ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல்களில் இதை விளக்க அமைப்பின் வைத்தியர்கள் தயாராக இருக்கிறார்கள். நிர்வாகங்கள் நேரம் ஒதுக்கித் தர வேண்டும்.