ஏரியைக் காக்க உழவரை விரட்டாதீர்கள்

அடையாறு தொல்காப்பியப் பூங்காவில் நடக்கிறவர்களும் மயிலாப்பூர் சபா வாசலில் பேசுகிறவர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள்: இயற்கை பிழைக்க வேண்டுமானால் வேலி போட்டு மனிதரை வெளியே நிறுத்த வேண்டும், உழவரை முதலில். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் ஏரிகளுக்கு இந்த எண்ணம் பெருங்கேடு.

வேடந்தாங்கலைப் பாருங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972இல். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுத் தடை வாங்கியவர்கள் அவ்வூர்க்காரர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் மடை வழியே பாய்ந்து அவர்கள் வயலுக்கு உரமாகிறது. தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பவர்களும் அவர்களே. இன்னொன்றை நாம் யோசிப்பதே இல்லை. ஏரிக்குள் இருக்கும் மரங்களில் கூடுதான் இருக்கிறது. இரை பெரும்பாலும் வெளியே. நத்தைகுத்தி நாரை நத்தை பொறுக்குவது சுற்றுப்புற நெல்வயல்களிலும் சிற்றேரிகளிலும். அவை மனைகளாகிவிட்டால் ஏரிக்கு எத்தனை உயர வேலி போட்டும் குஞ்சுகளுக்கு இரை கிடைக்காது.

வேலி போட்டுப் பார்த்த இடமும் உண்டு. ராஜஸ்தானின் பரத்பூர் பறவைச் சரணாலயத்தில் 1982இல் எருமை மேய்ச்சலைத் தடுத்தார்கள். எதிர்த்த கிராமத்தினர் மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. பிறகு நடந்ததென்ன? மேய எருமை இல்லாததால் புல் நீர்ப்பரப்பை மூடியது, நீர்ப்பறவைகளுக்கு இடம் சுருங்கியது. மேய்ச்சல் அந்த நீர்நிலைக்குத் தேவை என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வே சொன்னது.

நம் தி.நகர்ப் பக்கத்துக் கதை இன்னும் நெருக்கமானது. நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியே நீண்டு கிடந்த பேரேரியை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வீட்டுமனைகளுக்காக வற்றச் செய்தார்கள். வள்ளுவர் கோட்டம் நிற்பது அதன் படுகையில். ஆயக்கட்டு, அதாவது பாசன வயல், இல்லாத ஏரி நகரத்தின் கண்ணுக்கு வெறும் காலி நிலம்.

'உழவரே பூச்சிமருந்து அடிக்கிறார், உழவரே நிலத்தை விற்கிறார்' என்பார்கள். உண்மைதான். நெல் கட்டுப்படியாகாமல் அவர் விற்கும்போது வாங்க நிற்பது பெரும்பாலும் நம் ஊர்ப் பணம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1992 முதல் உறுப்பு நாடுகள் எல்லாமே நிலச்சூழலைப் பேணும் உழவருக்குப் பணம் கொடுக்கின்றன. இங்கே தண்ணீரும் பறவையும் நமக்கு வேண்டும், செலவு மட்டும் அவருடையது.

ஏரிச் சீரமைப்பு என்றால் நடைபாதைக்கும் கம்பி வேலிக்கும் முன்னால் மடை, கலங்கல், வரத்துக்கால்கள் சரியாக வேண்டும். எதை முதலில் செய்வது என்பதை ஆயக்கட்டுக்காரர்கள் சொல்ல வேண்டும். பாசன மேலாண்மையில் அவர்களுக்குப் பங்கு தரும் சட்டம் 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் சரணாலயம் என்று 1998இல் அறிவித்த அரசே 2020இல் அதைச் சுருக்கப் பார்த்தது. அந்த ஐந்து கிலோமீட்டருக்குள் இன்னும் நெல் நடுகிறவருக்கு ஏக்கர் கணக்கில் ஆண்டுதோறும் பணம் போய்ச் சேர வேண்டும். அதைச் சென்னைவாசிகளான நாம் கட்டும் குடிநீர் வரியிலிருந்தே எடுக்கலாம்.