ஏஜெண்டின் கைப்புஸ்தகம்

கடலூரிலோ சிதம்பரத்திலோ தாலுகாக் கச்சேரியில் காரியமுள்ள ஏழைக் குடியானவன் முற்காலத்தில் மனு எழுதித் தருபவரைத் தேடினான். இக்காலத்தில் இ-சேவை மையத்தைத் தேடுகிறான். ஜாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல் ஆகியவற்றுக்கெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் கட்டங்களை நிரப்பிப் பொத்தானை அமுக்க வேண்டியிருக்கிறது. இனி அந்த வேலைக்கும் மனிதர் வேண்டுவதில்லை, செயற்கை நுண்ணறிவு ஏஜெண்டு ஒன்றே உலாவியைத் திறந்து, எழுதி, அனுப்பிவிடும் என்று உலகெங்கும் பேசப்படுகிறது. பேச்சு பொய்யன்று. ஆனால் அந்த ஏஜெண்டுக்கு அதிகாரப் பத்திரம் எழுதித் தருபவர் யார், அதில் எழுதியிருப்பது என்ன என்று நம்மவரில் விசாரிப்பவர் அரியர்.

மனிதர் கை படாமல் உலாவியை நடத்தும் கருவி புதியதன்று. 2004ஆம் வருஷத்தில் சிகாகோ நகரில் தாட்வொர்க்ஸ் கம்பெனியைச் சேர்ந்த ஜேசன் ஹக்கின்ஸ் என்பவர் செலீனியம் என்ற கருவியை உண்டாக்கினார். 2020இல் மைக்ரோஸாப்ட் கம்பெனியார் ப்ளேரைட் என்பதை வெளியிட்டனர். இரண்டும் வலைத்தளங்களைப் பரீட்சித்துப் பார்ப்பதற்கென்று பிறந்தவை. அவற்றின் கைப்புஸ்தகத்தைப் படித்தவர் எஞ்சினீயர். ஒரு வாக்கியம் விளங்காவிட்டால் பக்கத்து மேஜைக்காரரைக் கேட்டுத் தெளிந்துகொண்டார். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் கம்பெனியார் எம்.சி.பி. என்னும் பொதுநெறியை வெளியிட்டனர். அடுத்த வருஷமே அதன் வழியாக ப்ளேரைட் ஏஜெண்டுகளின் வசம் ஒப்புவிக்கப்பட்டது. அத்துடன் கைப்புஸ்தகத்தைப் படிப்பவரும் மாறிவிட்டார்.

இந்நெறிப்படி ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், சில வரி விளக்கம், அதற்குக் கொடுக்க வேண்டிய விவரங்களின் அட்டவணை ஆகியவை உண்டு. எந்தக் கருவியை எப்பொழுது எடுப்பது என்பதற்கு அந்த ஏஜெண்டுக்கு முக்கிய ஆதாரம் அச்சில வரிகளே. 'படிவத்தை நிரப்பும்' என்று எழுதப்பட்ட கருவி நிரப்பியதோடு நில்லாமல் அனுப்பியும் விடுமாயின் என்ன ஆகும்? விதவை உபகாரத் தொகைக்கு மனுச் செய்யும் ஒரு கிழவியின் பெயர் பிழையோடு கச்சேரிக்குப் போய்ச் சேரும். அதைத் திருத்த அவள் கூலி இழந்து, பஸ் சத்தம் கொடுத்து, மறுபடி வரவேண்டும். கைப்புஸ்தகம் எழுதியவருக்கு அது ஒரு வினைச்சொல். அவளுக்கு ஒரு நாள் ஜீவனம்.

ஒரு கருவி பார்க்க மட்டும் செய்வதா, மாற்றவும் அழிக்கவும் வல்லதா என்று குறித்து வைப்பதற்கு எம்.சி.பி. இடங் கொடுத்திருக்கிறது. ஆயினும், நம்பத்தகாதவர் இட்ட குறிப்பை நம்பலாகாது என்றும் அதே நெறி எச்சரிக்கிறது. ஆதலால் குறிப்பு மட்டும் போதாது. எந்த இடத்தில் ஏஜெண்டு நின்று எஜமானனைக் கேட்க வேண்டும் என்பது கருவியிலேயே அமைக்கப்பட்டு, புஸ்தகத்திலும் பகிரங்கமாக எழுதப்பட வேண்டும். வலைப்பக்கத்தில் எவனோ எழுதி வைத்த வாசகத்தை எஜமானன் கட்டளையென்று எண்ணி ஏமாறும் குணமும் இந்த ஏஜெண்டுகளுக்கு உண்டு.

மற்றொரு விஷயம். ப்ளேரைட் வழியாக வரும் ஏஜெண்டு சாதாரணமாகப் பக்கத்தைப் படமாகப் பார்ப்பதில்லை; பொத்தான்களுக்கும் கட்டங்களுக்கும் இட்ட பெயர்களின் வரிசையைப் படிக்கிறது. கண் பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் சாதனங்களும் அப்பெயர்களையே நம்பியிருக்கின்றன. பெயரிடாத பொத்தான் இருவரையும் ஒன்றுபோல் இடறச் செய்யும். குருடர் முறையிட்டபோது காது கொடாதவர்கள் யந்திரத்துக்காகப் பெயரிடப் புறப்படுவார்களாயின் அது வெட்கக்கேடுதான். எனினும் பெயரிடட்டும், நாம் ஆட்சேபிக்கவில்லை.

செலீனியத்தின் கைப்புஸ்தகம் போர்த்துகீஸ், சீன, ஜப்பானிய பாஷைகளில் கிடைக்கிறது. தமிழில் இல்லை. யந்திரம் இங்கிலீஷிலேயே படித்துக்கொள்ளுமே, தமிழ் எதற்கு என்பார் உண்டு. யந்திரத்துக்கு வேண்டாம், அதன் எஜமானனுக்கு வேண்டும். காட்டுமன்னார்கோவிலில் இ-சேவை மையம் நடத்தும் வாலிபர், தம் பெயரால் ஏஜெண்டு செய்யும் காரியத்தின் எல்லையைத் தம் பாஷையில் படித்தறிய முடியாவிட்டால், பொறுப்பு மட்டும் அவருடையது, அறிவு பிறருடையது என்றாகிவிடும். இதற்கு முன்னும் இப்படி நாம் இருந்ததுண்டு! சிதம்பரத்துக் கோவிலில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைக் கறையான் அரித்தது போக, எஞ்சியவற்றையே ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டனர் என்பது வழிவழி வரும் வரலாறு. அந்த ஏடுகளாவது தமிழில் இருந்தன.

அதே சிதம்பரத்தில் 1929இல் தோன்றி, 2013இல் தமிழ்நாட்டுச் சர்க்கார் நிர்வாகத்துக்கு வந்த அண்ணாமலை சர்வகலாசாலை இருக்கிறது. எஞ்சினீயரிங் பகுதியும் தமிழ்ப் பகுதியும் ஒரே வளாகத்தில் உள்ளன. இரண்டு பகுதியாரும் கூடி ஒரு சிறு புஸ்தகம் எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம். கருவி ஒவ்வொன்றும் என்ன செய்யும், என்ன செய்யாது, எப்படிப் பிழைபடும், எங்கே நிற்கும் என்பவற்றை அது சொல்லட்டும். ஓ.டி.பி. எண்ணை ஏஜெண்டிடம் ஒப்புவிக்கலாகாது என்பது முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். அச்சுக்குப் போகுமுன் கடலூர் ஜில்லா இ-சேவை மையங்களில் வேலை பார்ப்போர் பத்துப் பேரிடம் அதைக் கொடுத்து வாசிக்கச் சொல்லி, அவர்களுக்கு விளங்காத வரிகளை மாற்றி எழுதுவது நலம்.