வடக்குத்து விவசாயிக்கு எந்த சார்ஜர் வேண்டும்?

மின்சார வண்டி வாங்கலாமா என்று கேட்கும் விவசாயிகள் அடுத்துக் கேட்பது, "ஊரில் சார்ஜ் போட இடம் இருக்கிறதா?" என்பதுதான். பண்ருட்டிக்கும் வடலூருக்கும் இடையே, நெய்வேலியை ஒட்டி நெடுஞ்சாலையில் இருக்கும் வடக்குத்து போன்ற ஊரில் இதற்குப் பதில் சொல்ல, உங்கள் வண்டி எது என்று முதலில் பார்க்க வேண்டும்.

மத்திய மின் அமைச்சகம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, நெடுஞ்சாலைகளில் 20 கி.மீ.க்கு ஒரு சார்ஜிங் நிலையம் வர வேண்டும். நல்லதுதான். ஆனால், சாலையோரம் வருகிற வேக சார்ஜர்கள் பெரும்பாலும் கார்களுக்கானவை. பால் கேன் கட்டிய ஸ்கூட்டரின் பிளக் அதில் பொருந்தாது. ஸ்கூட்டரிலும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பிளக்! 2023-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஒரு பொதுத் தரத்தை அறிவித்தும், எல்லோரும் அதற்கு மாறிவிடவில்லை.

சரக்கு வண்டிக்கு ஒரு கணக்குப் போடுவோம். டாடா ஏஸ் மின் வண்டியின் பேட்டரி 21.3 யூனிட் பிடிக்கும். நிறுவனம் சொல்லும் தூரம் 154 கி.மீ.; பாரம் ஏற்றினால் குறையும். பலாவோ காய்கறியோ ஏற்றிக்கொண்டு கடலூர் போய்வர 70, 80 கி.மீ. ஆகும். ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும். 15 ஆம்பியர் பிளக்கில் ஏழு மணி நேரத்தில் பேட்டரி நிறைந்துவிடும். அதாவது, உங்களுக்கு வேண்டியது விலை உயர்ந்த வேக சார்ஜர் அல்ல. வண்டி நிற்கும் இடத்தில் ஒரு நல்ல பிளக்.

வீட்டிலேயே போடலாம், தனி உரிமம் தேவையில்லை. ஆனால், மாதம் இருபது முறை முழு சார்ஜ் என்றால் இரு மாதத்தில் 850 யூனிட்டைத் தாண்டும். 100 யூனிட் இலவசம் எந்த மூலைக்கு? 500 யூனிட்டைக் கடந்ததும் கட்டணப் படிநிலையே மாறிவிடும். இந்தச் செலவையும் டீசல் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மோட்டார் கொட்டகையின் இலவச இணைப்பிலிருந்து மட்டும் வண்டிக்கு மின்சாரம் எடுக்காதீர்கள். 2003 மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி, அனுமதித்த பயன்பாட்டை மீறினால் உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு விதிக்கலாம். பல காலம் போராடிப் பெற்ற சலுகைக்கு நாமே பங்கம் தேடிக்கொள்ளக் கூடாது.

சூரிய சக்தி பம்ப்செட் வைத்திருப்போருக்கு இன்னொரு வழி உண்டு. தண்ணீர் பாய்ச்சாத நாட்களில் தகடுகள் சும்மா கிடக்கின்றன. பிஎம்-குசும் திட்டத்தில் அனுமதிக்கப்பட்ட பொதுப்பயன் கட்டுப்பாட்டுக் கருவி இருந்தால், தீவன வெட்டும் கருவி, மாவு அரவை, பேட்டரி சார்ஜர் ஆகியவற்றையும் அதில் ஓட்டலாம். உங்கள் வண்டியின் சார்ஜர் அந்தக் கருவிக்கு ஒத்துவருமா என்று வேளாண் பொறியியல் துறையில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பகல் நேரத்துக்கு வேறொரு சாதகமும் உண்டு. காலை 9 முதல் மாலை 4 வரை சார்ஜிங் நிலையங்களுக்கான மின்சாரத்தைச் சராசரி வழங்கல் செலவில் 70 சதவீதத்துக்கும், மற்ற நேரத்தில் 130 சதவீதத்துக்கும் தரலாம் என்கிறது அதே வழிகாட்டுதல். பழுப்பு நிலக்கரி வெட்டும் ஊரில் வெயிலில் ஓடும் வண்டி என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், இரவில் வீட்டில் நிற்கும் வண்டி பகலில் எங்கே நிற்கிறது? உழவர் சந்தை, கொள்முதல் நிலையம், கூட்டுறவுச் சங்கம், பால் சங்கம். பொதுப் பிளக் வர வேண்டிய இடங்கள் இவைதான். பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் பொது சார்ஜிங்குக்கென ஒதுக்கிய 2,000 கோடி ரூபாயில் நம் சங்க வாசலுக்கும் பங்கு கேட்கலாம். கேட்காவிட்டால் அது பெருநகரங்களிலும் நெடுஞ்சாலைகளிலுமே முடிந்துவிடும்.

அடுத்த கிராம சபையில் தீர்மானம் வையுங்கள். "சார்ஜிங் நிலையம் வேண்டும்" என்று பொதுவாக எழுதாமல், எந்த இடம், எத்தனை 15 ஆம்பியர் பிளக், சராசரியாக எத்தனை ஸ்கூட்டர், எத்தனை சரக்கு வண்டி வந்து போகின்றன என்று எழுதுங்கள். அந்தப் பகுதி மின்மாற்றி கூடுதல் பாரம் தாங்குமா என்று உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். வேளாண் உதவி அலுவலர்கள் இந்த வண்டிக் கணக்கை ஒரு வாரத்தில் எடுத்துத் தரலாம்.

அதுவரை வீட்டில் சார்ஜ் போடுவோர் எர்த் சரியாக உள்ள தனி ஒயரில் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம். வைக்கோல் போர், முந்திரிக்கொட்டை மூட்டை இருக்கும் கொட்டகையில் வேண்டவே வேண்டாம்.