துப்புக்கூலியும் பிட்காயினும்

பாலவனத்தம், திருச்சுழிப் பக்கத்து வயதான சம்சாரி யாரிடமாவது "துப்புக்கூலி என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் நேரில் கண்டிராவிட்டாலும் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கக்கூடும். அந்தக் காலத்தில் தென்மாவட்டங்களில் இரவோடு இரவாகத் தொழுவத்து உழவு மாடு காணாமல் போகும். இரண்டு நாள் கழித்து இடையாள் ஒருவன் வருவான். "மாடு இருக்கிற இடத்துக்குத் துப்புக் கிடைக்கும், கூலி இவ்வளவு" என்பான். கொடுத்தால், சொன்ன இடத்தில் மாடு கட்டிக் கிடக்கும். கொடுக்காவிட்டால் போனது போனதுதான். ஆங்கிலேய அதிகாரிகள் இந்தச் சொல்லை அப்படியே தங்கள் அறிக்கைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

திருடன் மாட்டைச் சந்தையில் விற்றிருக்கலாமே? சந்தையில் அதற்கு ஒரு விலைதான். மழை விழுந்த மறுநாள் ஏர் பூட்டக் காத்திருக்கும் சொந்தக்காரருக்கோ அதைவிடப் பெரிய விலை. மானாவாரிக் கரிசலில் ஈரம் காயும் முன் விதைக்காவிட்டால் அந்த ஆண்டே போயிற்று அல்லவா?

இன்று ரான்சம்வேர் என்று செய்தித்தாள்களில் அடிபடும் கணினித் திருட்டு இதே கணக்கில்தான் நடக்கிறது. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. ஐந்து சர்வர்களில் ஏறத்தாழ 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது என்று அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நோயாளியின் பழைய ரத்தப் பரிசோதனை முடிவை வெளியே யார் விலை கொடுத்து வாங்குவார்? ஆனால் அவருக்கு மருந்து எழுத வேண்டிய மருத்துவருக்கு அது இல்லாமல் முடியாது. சுமார் இரண்டு வாரம் பதிவுச் சீட்டு முதல் பரிசோதனை அறிக்கை வரை கையால் எழுதி ஓட்டினார்கள். நம் சென்னைத் தலைமைச் செயலகமும் தப்பவில்லை. 2021 செப்டம்பரில் அங்கே பொதுத்துறையின் சில கணினிகள் பூட்டப்பட்டு, 1,950 டாலர் மதிப்புள்ள கிரிப்டோ நாணயம் கேட்கப்பட்டது.

பூட்டு எப்படிப்பட்டது? சாதாரணப் பூட்டில் பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி. இன்றைய சங்கேத முறையில் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று பூட்ட மட்டும், மற்றொன்று திறக்க. உங்கள் கணினிக்குள் நுழையும் தீநிரல் பூட்டும் எண்ணை மட்டுமே கொண்டுவருகிறது. திறக்கும் எண் திருடனின் மடியிலேயே இருக்கும். முறையாகச் செய்யப்பட்ட பூட்டாக இருந்தால், எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறக்க உலகிலுள்ள கணினிகள் எல்லாம் சேர்ந்தாலும் ஆகாது. வங்கியில் நம் பணத்தைக் காக்கும் அதே கணிதம்தான் இது. கணிதத்தின் மேல் குற்றம் இல்லை.

சரி, பூட்டியாயிற்று. பணத்தை எப்படி வாங்குவது? இங்கேதான் திருடனுக்கு நெடுங்காலம் தலைவலி இருந்தது. 1989-இல் ஜோசப் பாப் என்ற அமெரிக்கர் எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று சொல்லி, சுமார் 20,000 ஃபிளாப்பித் தட்டுகளைப் பல நாடுகளுக்குத் தபாலில் அனுப்பினார். அதைப் போட்ட கணினியில் பின்னர்க் கோப்புகளின் பெயர்கள் குழம்பிப்போகும். 189 டாலரைப் பனாமா நாட்டுத் தபால்பெட்டி ஒன்றுக்கு அனுப்பும்படி திரையில் செய்தி வரும். இதுதான் அறியப்பட்ட முதல் ரான்சம்வேர். அவர் போட்ட பூட்டு எளியது, சீக்கிரமே உடைத்துவிட்டார்கள். தபால்பெட்டிக்கும் ஒரு முகவரி உண்டு அல்லவா? துப்புக்கூலியில் இடையாள் நேரில் வந்தாக வேண்டும். பணம் கைமாறும் இடம்தான் திருடன் பிடிபடக்கூடிய இடம்.

2009-இல் பிட்காயின் வந்தது. அதன் பின்னால் எந்த வங்கியும் இல்லை. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்ற பேரேட்டை உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கான கணினிகள் சேர்ந்து எழுதுகின்றன. கணக்குத் தொடங்கப் பெயர் வேண்டாம், ஆதார் வேண்டாம். ஒரு நீண்ட எண் போதும். 2013-இல் கிரிப்டோலாக்கர் என்ற தீநிரல் பிட்காயினில் பணம் கேட்டு வாங்கியது. பனாமாத் தபால்பெட்டிக்கு இனி வேலை இல்லை! 2017 மே 12 அன்று வான்னாகிரை கிளம்பியபோது சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் மாட்டிக்கொண்டன. கேட்டது 300 டாலர். மூன்று நாளில் கட்டாவிட்டால் இரட்டிப்பு. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் நிரலை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே கொடுத்திருந்தது. பலர் போட்டுக்கொள்ளவில்லை.

"அப்படியானால் கிரிப்டோ நாணயத்தை அடியோடு ஒழித்துவிட்டால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். என் கருத்து வேறு. ஒரு நாடு தடை போட்டால் பக்கத்து நாட்டில் அது ஓடும். மேலும், அந்தப் பேரேடு மறைவானதன்று. ஊர் மந்தையில் விரித்துவைத்தது போல யாரும் படிக்கலாம். எழுதியிருப்பது பெயருக்குப் பதில் எண், அவ்வளவுதான். 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் எண்ணெய்க் குழாய் நிறுவனம் 75 பிட்காயின் கொடுத்தது. புலனாய்வாளர்கள் பேரேட்டில் அந்தக் காசின் காலடியைப் பின்பற்றிப் போய், அடுத்த மாதமே 63.7 பிட்காயினைக் கைப்பற்றினார்கள். பிட்காயினைக் கொண்டு கடையில் அரிசி வாங்க முடியாது. திருடன் என்றாவது ஒருநாள் அதைச் சந்தையில் ரூபாயாகவோ டாலராகவோ மாற்ற வேண்டும். அந்தச் சந்தையின் வாசலில்தான் காவல் வேண்டும். இந்தியாவில் 2023 மார்ச்சில் இத்தகைய பரிமாற்ற நிறுவனங்கள் கறுப்புப்பணத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வந்தன. வாடிக்கையாளர் யார் என்று அவை அறிந்து வைத்திருக்க வேண்டும். இது நல்ல ஏற்பாடு. ஆனால் எல்லா நாட்டு வாசலிலும் காவல் இல்லை. பலருடைய காசை ஒன்றாய்க் கலக்கித் தடயத்தை அழிக்கும் சேவைகளும் இருக்கின்றன. ஆகவே இதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

பணம் கொடுக்கலாமா? அறுவைச் சிகிச்சை மேசையில் நோயாளி கிடக்கும்போது "கொடுக்காதே" என்று தூரத்தில் உட்கார்ந்து எழுதுவது எளிது. ஆயினும் மக்கள் பணத்தில் நடக்கும் அலுவலகங்கள் கொடுக்கக் கூடாது என்றே சொல்வேன். ஒவ்வொரு வீட்டாரும் கொடுத்ததால்தான் துப்புக்கூலித் தொழில் நிலைத்தது. கொடுத்தாலும் சாவி வரும் என்று யார் ஜாமீன்? கொடுக்காமல் இருக்கத் தெம்பு தருவது தனியே வைத்த பிரதிதான். எய்ம்ஸ் மீண்டது எப்படித் தெரியுமா? பாதிக்கப்படாத ஒரு காப்பு சர்வரிலிருந்து நோயாளிகளின் பதிவுகளைத் திரும்ப எடுத்தார்கள்.

இது நமக்குப் புதிதன்று. பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய காலத்தில், அறிஞர்கள் ஊர் ஊராய்ச் சுவடி தேடி அலைந்தார்கள். ஓர் ஊர்ச் சுவடியைச் செல் அரித்திருந்தால் வேறோர் ஊர்ப் பிரதி கைகொடுத்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இடங்களில் இருந்ததுதான் காரணம். கணினியில் எப்போதும் செருகியே இருக்கும் பேக்கப் தட்டு பிரதி ஆகாது. தீநிரல் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

ஒரு குறையைச் சொல்லாமல் விடக் கூடாது. 2019 முதல் சில கும்பல்கள் பூட்டுவதற்கு முன் தகவலை நகலெடுத்துக்கொண்டு, "ஊரறிய வெளியிடுவோம்" என்றும் மிரட்டுகின்றன. இதற்குப் பிரதி உதவாது. தேவையற்ற தகவலை வாங்கிச் சேர்க்காமல் இருப்பதே இங்கு உதவும். கண்ட விண்ணப்பத்துக்கெல்லாம் ஆதார் நகல் கேட்கும் அலுவலகங்கள் இதை யோசிக்கட்டும்.

"நம் கரிசல் காட்டுக்கு இது ஏன் வரப்போகிறது?" என்று நினைக்காதீர்கள். 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் என்ற நிறுவனம் தாக்கப்பட்டது. அதன் சேவையை நம்பியிருந்த சுமார் 300 சிறு வங்கிகள், அதாவது கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளும், பணப் பரிமாற்ற வலையிலிருந்து தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டன. ஆகஸ்ட் 1 அன்று இணைப்புத் திரும்பியது. விதைப்பு நாளில் அப்படி நின்றால் என்னாகும்? நாடு முழுவதும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய அரசு 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. பயிர்க்கடனும் நகைக்கடனும் பழைய பேரேட்டை விட்டுத் திரைக்குப் போகின்றன. அடுத்த முறை அப்பாவோடு சங்கத்துக்குப் போகும்போது செயலாளரிடம் மரியாதையாக ஒன்று கேளுங்கள்: "ஐயா, இந்தக் கணக்கின் பிரதி வேறெங்கே இருக்கிறது? அதைக் கடைசியாகத் திறந்து சரிபார்த்தது எப்போது?"