வாங்கியவர் உத்தமராம்!

"பாதுகாக்கத்தானே வாங்கினோம்" என்கின்றனர், பழஞ்சிலை சேர்க்கும் கனவான்கள். பாதுகாப்பாம்! எவரிடமிருந்து?

அரியலூர் மாவட்டத்துச் சிற்றூர் ஸ்ரீபுரந்தான். அங்கே களவாடப்பட்ட சோழர் காலத்து ஆடவல்லான், நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூர் வழியாக, 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் புகுந்தான். விலை ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலர்! கூடவே ஒரு காகிதமும் போயிற்று. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்கு முன்பே இந்தியாவைவிட்டு வெளியேறிய சிலை என்றது அக்காகிதம். ஆனால், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் அதே சிலையை, அதே ஊரில், 1994-இல் படமெடுத்து வைத்திருந்தனரே! கூத்தன்தான், ஆயினும் இந்தக் கூத்து அவனும் ஆடியறியாதது!

"நம்பி வாங்கினோம்" என்பது அடுத்த வாதம். மாடு வாங்கும் உழவன் சுழி பார்க்கிறான், பல்லைப் பார்க்கிறான், எவர் தொழுவத்து மாடு என்று கேட்கிறான். கோடிகளைக் கொட்டுவோர் மட்டும் கேட்கமாட்டார்களாம்!

2014-இல் சிலை திரும்பியது. 2022-இல் சிலைக் களவு வழக்கொன்றில் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. விற்றவனுக்குச் சிறை, வாங்கியவருக்கோ, திருப்பித் தந்த பெருந்தன்மைக்குப் பாராட்டு! வாங்குவோர் பணம் நீட்டாதிருந்தால், பூட்டை உடைக்க எவன் வருவான்? கேளாமல் வாங்கியவரையும் கூண்டிலேற்றச் சட்டம் வேண்டும்.

அந்தப் பொய்க் காகிதத்தைக் கிழித்தது ஒரு பழைய புகைப்படம். உங்கள் ஊர்க் கோயில் திருமேனிகளுக்குப் படமும் பதிவும் உண்டா? கும்பிடுவோரும் கும்பிடாதோரும் இவ்வாரமே சென்று கேளுங்கள்.